விந்தணு ஆய்வும் பகுத்தறிவும்: அறிஞர் பார்கவாவின் வாழ்வும் பணியும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் ஓர் உயிரியல் அறிஞரின் வரலாறு இடம்பெறுவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அவர் நம் சமூகத்தில் பிறந்தவர் அல்லர். திருத்தணியில் வாழ்ந்தவரும் அல்லர். 1928 பிப்ரவரி 22-ஆம் நாள் அஜ்மீரில் பிறந்து, ஐதராபாத்தில் ஆய்வு நடத்தி, 2017 ஆகஸ்டு 1-ஆம் நாள் அந்நகரிலேயே மறைந்தவர் புஷ்ப மித்ர பார்கவா. அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்த பொருள் காளையின் விந்தணு. அவையில் சொல்லக் கூசும் சொல் என்று பலர் ஒதுக்கும் அப்பொருளுக்கும், ஊருக்கு வெளியே நம் முன்னோர் ஒதுக்கப்பட்டதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் விதையும்

சாதி என்பது பிறப்பைப் பற்றிய ஒரு கொள்கை. மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலம் என்றும் ஆணை விதை என்றும் கூறி, இரண்டனுள் விதையே உயர்ந்தது என்று தீர்ப்பளிக்கிறது. பத்தாம் அத்தியாயம் அதே கணக்கை நீட்டி, எந்த வருணத்து ஆண் எந்த வருணத்துப் பெண்ணோடு கூடினால் எந்தச் சாதி பிறக்கும் என்று பட்டியல் இடுகிறது. சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவர் சண்டாளர். அவர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. நம்மைச் சேரிக்கு அனுப்பிய சட்டம் எதன்மேல் எழுப்பப்பட்டது என்று பார்த்தால், விந்தில் மேன்மையும் கீழ்மையும் கலந்திருக்கின்றன என்ற நம்பிக்கையின்மேல் எழுப்பப்பட்டது என்பது விளங்கும். 1927 டிசம்பர் 25-ஆம் நாள் மகாட்டில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அந்நூல் எரிக்கப்பட்டதன் பொருளும் அப்போது விளங்கும்.

இக்கொள்கையை வகுத்தவர் எவரும் விந்தணுவைக் கண்ணால் கண்டவர் அல்லர். அதைக் காண உலகம் 1677-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

துணி வணிகர் கண்ட காட்சி

அவ்வாண்டில் விந்தணுவைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்தில் துணி விற்ற லேவன்ஹுக் என்பவர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்காதவர்; அன்றைய அறிஞரின் மொழியாகிய இலத்தீன் அறியாதவர். தம் கையால் தேய்த்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டு நுண்ணோக்கி செய்து, வாலாட்டி நீந்தும் நுண்ணிய உருக்களைக் கண்டார். இலண்டன் அரச கழகத்துக்கு அதனை எழுதியபோது, அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம் என்று தயங்கியே எழுதினார். அரச கழகம் வெளியிட்டது. கூச்சத்தைத் தாண்டியதால் உயிரியலில் ஒரு புதிய துறை பிறந்தது.

கண்ட பின்னும் மனித மனம் பழைய தடத்தையே நாடியது. 1694-இல் ஆர்ட்சூக்கர் என்பவர் விந்தணுவின் தலைக்குள் ஒரு சிறு மனிதன் குந்தியிருப்பதாகப் படம் வரைந்தார். ஆணே முழு விதை, பெண் வெறும் நிலம் என்ற கருத்து ஐரோப்பாவிலும் வேரூன்றியிருந்ததை இது காட்டுகிறது. 1827-இல் பாயர் பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டறிந்தார். 1876-இல் எர்ட்விக், கடல் முள்ளெலி என்னும் கடல் உயிரின் முட்டையில் ஆணின் உட்கருவும் பெண்ணின் உட்கருவும் ஒன்றாய் இணைவதை விளக்கினார். தாயும் தந்தையும் குழந்தைக்குச் சரிபாதிக் குரோமோசோம்களை அளிக்கின்றனர் என்பது பின்னர் உறுதியாயிற்று. மனித விந்தணுவில் 23, முட்டையில் 23. காளையின் விந்தணுவில் 30, பசுவின் முட்டையில் 30. விதை, நிலம் என்ற பழைய வழக்கு இவ்விடத்தில் தோற்றது. விந்தணு கொண்டுவருவது பாதிக் குறிப்பேடு மட்டுமே. அதில் குலப்பெயர் எழுதப்படவில்லை.

காளையின் வழியே

மனிதரைக் காட்டிலும் கால்நடைகளிடத்தே இவ்வாய்வு விரைந்து வளர்ந்தது. 1780-இல் இத்தாலிய அறிஞர் இசுப்பல்லன்சானி ஒரு பெண் நாய்க்கு விந்தைச் செயற்கையாய்ச் செலுத்திக் குட்டிகள் பிறக்கச் செய்தார். இந்தியாவில் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பவர் முதன்முதலாகப் பசுக்களுக்கு இம்முறையைக் கையாண்டார். 1942-இல் இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இதனை முறையாக மேற்கொண்டது. நம் சிற்றூர்களில் இன்று ‘சினை ஊசி’ என்று வழங்குவது இதுவே.

விந்தணுவை நெடுநாள் உயிரோடு காப்பது அக்காலத்தில் பெரிய இடர்ப்பாடாக இருந்தது. இலண்டனை அடுத்த மில்ஹில்லில் அப்போது இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போல்ஜ், ஆட்ரி சுமித், பார்க்சு ஆகிய மூவரும் 1949-இல் இதற்கு வழி கண்டனர். சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்த புட்டியில் கிளிசரின் இருந்தது; அதில் உறையவைத்த சேவலின் விந்தணுக்கள் உருகிய பின்னும் நீந்தின. எதிர்பாராமல் நேர்ந்ததைத் தள்ளிவிடாமல் ஏன் என்று கேட்டதால் அவர்கள் வெற்றி பெற்றனர். இன்று சுழியத்துக்குக் கீழ் 196 பாகை குளிரில், திரவ நைட்ரசனில், காளையின் விந்து ஆண்டுக்கணக்கில் காக்கப்படுகிறது. நம் நாட்டில் பயன்படும் உறைவிந்துக் குச்சி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு கோடி விந்தணுக்கள் அடங்கியுள்ளன.

இதே மில்ஹில் நிலையத்துக்குத்தான் 1950-களின் பிற்பகுதியில் பார்கவா சென்று சேர்ந்தார்.

வேதியியலிலிருந்து உயிரியலுக்கு

பார்கவா பயின்றது உயிரியல் அன்று, கரிம வேதியியல். இலக்னோ பல்கலைக்கழகத்தில் 1949-இல், தம் இருபத்தொன்றாம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் பணியேற்றார். அமெரிக்காவில் விசுகான்சின் பல்கலைக்கழகத்துப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் ஐடல்பெர்கர் என்பாரிடம் பயிற்சி பெற்றார். ஒரு துறையில் பட்டம் வாங்கினால் அத்துறைச் சுவருக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பது இல்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

மில்ஹில்லில் அவர் எழுப்பிய வினா எளியது போலத் தோன்றும். முதிர்ந்த விந்தணு புதிதாகப் புரதம் செய்கிறதா? காளையின் விந்தணு உருவாகி முடிய 61 நாட்கள் ஆகின்றன. அது முடியும்போது உயிரணுவின் வழக்கமான தளவாடங்களையெல்லாம் உதறிவிட்டு, தலையும் இடைப்பகுதியும் வாலுமாக ஒடுங்கிவிடுகிறது. முழு நீளம் ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு அளவே. தலையில் பரம்பரைப் பொருள், இடைப்பகுதியில் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள், பின்னே வால். பயணத்துக்குக் கட்டிய மூட்டை போன்ற இவ்வணு புதிதாக எதையும் செய்யாது, கொண்டுவந்ததைச் செலவழித்து முடியும் என்றே பலரும் கருதினர்.

பார்கவாவும் பிஷப், வொர்க் என்னும் இருவரும் கதிரியக்கக் கரி சேர்ந்த அமினோ அமிலங்களைக் காளையின் விந்தணுக்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தனர். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. விந்தணு புரதம் செய்யுமாயின், கதிரியக்கம் அப்புரதத்தில் தென்பட வேண்டும். செய்யாதாயின் வெளியிலேயே நிற்க வேண்டும். கதிரியக்கம் புரதத்தில் தென்பட்டது என்று 1959-இல் அவர்கள் எழுதினர். இத்தகைய சோதனையில் பாக்டீரியாக்கள் சிறிது கலந்திருந்தாலும் முடிவு பிழைபடும் என்பதால் ஐயங்கள் எழுவது இயல்பு. பார்கவா வினாவைக் கைவிடவில்லை. ஐதராபாத் திரும்பியபின் தம் மாணவர் பிரேம்குமாரோடு சேர்ந்து 1972-இல், விந்தணுவில் நிகழும் இவ்வாக்கம் மைட்டோகாண்டிரியாவைச் சார்ந்தது என்று காட்டினார். 2006-இல் இசுரேல் நாட்டு ஆய்வாளர் வேறு முறைகளால் ஆராய்ந்து, பாலூட்டிகளின் விந்தணு தன் பயணத்தின் போதே மைட்டோகாண்டிரிய வகை ரைபோசோம்களைக் கொண்டு புரதங்களைச் செய்கிறது என்று அறிவித்தனர். ஒரு நல்ல வினா கேட்டவரின் கையிலேயே முடிந்துவிடுவதில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் வேலை செய்கிறது.

செமினல்பிளாஸ்மின்

1977-இல் ஐதராபாத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் தோன்றியது. சி.சி.எம்.பி. என்று சுருக்கமாக வழங்கும் இம்மையத்தின் முதல் இயக்குநர் பார்கவா. 1979-இல் அவரும் ரெட்டி என்னும் ஆய்வாளரும் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டனர். விந்தணுக்கள் மிதக்கும் நீரில், 47 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு புரதம் பாக்டீரியாக்களைக் கொல்கிறது என்பது அது. அப்புரதத்துக்குச் செமினல்பிளாஸ்மின் என்று பெயர் இட்டனர். பாக்டீரியாவினுள் புகுந்து, ரைபோசோம்களுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. உருவாவதை அது தடுக்கிறது. புரதம் செய்யும் பட்டறையே கட்டப்படாமல் போவதால் பாக்டீரியா மாய்கிறது.

அதே காலத்தில் விசுகான்சினில் லார்டி என்பவர் குழு வேறொரு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. விந்தணுவுக்குள் கால்சியம் புகுவதைத் தடுக்கும் ஒரு புரதத்தைக் காளையின் விந்து நீரில் கண்டு, அதற்குக் கால்ட்ரின் என்று பெயர் வைத்திருந்தனர். இவ்விரண்டும் ஒரே புரதமே என்று பார்கவாவின் குழு 1986-இல் நிறுவியது.

இதன் சிறப்பை உணர விந்தணுவின் செயலைச் சற்றே அறிய வேண்டும். வெளிவந்த உடனே எந்த விந்தணுவும் முட்டையைக் கருவுறச் செய்ய இயலாது. பெண்ணின் உடலுள் சில மணி நேரம் தங்கி அது தகுதி பெற வேண்டும் என்று சாங், ஆசுட்டின் என்னும் இருவர் 1951-இல் தனித்தனியே கண்டறிந்தனர். பின்னர் முட்டையை அணுகும் வேளையில் கால்சியம் உள்ளே பாய்கிறது. தலையின் உறை வெடித்து, முட்டையின் காப்பை ஊடுருவும் பொருள்கள் வெளிப்படுகின்றன. கால்சியம் முன்னரே பாய்ந்தால் வழியிலேயே உறை வெடித்துப் பயணம் வீணாகும். ஆகவே, கிருமியைக் கொல்லும் காவலாகவும், காலம் வருமுன் கதவு திறவாதபடி காக்கும் தாழாகவும் ஒரே சிறு புரதம் பணி புரிகிறது எனலாம். சிவாஜி, ஷைட் ஆகியோருடன் சேர்ந்து விந்து நீர்ப் புரதங்களைப் பற்றிய ஒரு முழு நூலையும் பார்கவா 1990-இல் வெளியிட்டார்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே

காளையின் விந்தணுவை ஆராய்ந்தவர் நாட்டின் மனப்போக்கையும் ஆராயத் தவறவில்லை. சதீஷ் தவன், அப்துர் ரகுமான் ஆகியோருடன் இணைந்து 1964-இல் அறிவியல் மனப்பான்மைக்கான ஒரு சங்கம் தொடங்கினார். அறிவு மனித முயற்சியால் மட்டுமே பெறப்படுவது, தெய்வ வெளிப்பாட்டால் அன்று என்ற கருத்துடைய உறுதிமொழியில் உறுப்பினர் ஒப்பமிட வேண்டும் என்றனர். பெயர் பெற்ற அறிவியலாளர் பலர் ஒப்பமிட மறுத்தனர். ஆய்வுக்கூடத்தில் ஒரு மனமும் வீட்டில் வேறொரு மனமும் வைத்திருப்போர் எத்தனை பேர் என்பது அவருக்குத் தெரிந்தது.

1976-இன் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளுள், அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்பதும் ஒன்று. அதற்கு முயன்றவர்களுள் பார்கவாவும் ஒருவர். நம் மாநிலத்துக் குன்னூரில் 1980 அக்டோபரில் அறிஞர்கள் கூடி விவாதித்ததன் பயனாக, 1981 ஜூலையில் அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கை வெளிவந்தது. அதனை உருவாக்கியதில் அக்சர், ராஜா ராமண்ணா ஆகியோரோடு அவருக்கும் பங்கு உண்டு. பல்கலைக்கழகங்களில் சோதிடத்தைப் பாடமாக்கியதை எதிர்த்து அவர் நீதிமன்றம் சென்றார்; 2004-இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1986-இல் பெற்ற பத்மபூஷண் விருதை, பகுத்தறிவாளர் கொலைகளையும் பெருகிவந்த சகிப்பின்மையையும் கண்டித்து 2015-இல் திருப்பி அளித்தார். தோற்ற வழக்கும் திருப்பிய விருதும் அவர் வரலாற்றில் கண்டுபிடிப்புகளுக்குக் குறைந்தவை அல்ல.

பின்வந்தோர் கண்ட உண்மை

அவர் தொடங்கிய மையத்தில் விந்தணு ஆய்வு தொடர்ந்தது. அழிவை எதிர்நோக்கும் விலங்குகளைக் காக்க, 2006-இல் புள்ளிமானும் 2007-இல் வெளிமானும் செயற்கைக் கருவூட்டலால் ஈன்றெடுத்தன. மாட்டுக்கு வந்த சினை ஊசி மானுக்கும் பயன்பட்டது.

அம்மையத்தின் தமிழ் அறிவியலாளர் குமாரசாமி தங்கராஜ், ஆண்களிடம் விந்தணு உருவாகாமற்போவதற்கு ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் இல்லாமையும் காரணம் என்பதை இந்திய ஆண்களிடத்தே ஆராய்ந்தார். குழந்தை இல்லையென்றால் பெண்ணையே மலடி என்று தூற்றித் தள்ளிவைக்கும் வழக்கம் நம் சமூகத்திலும் உண்டு. குறை ஆணிடமும் இருக்கலாம் என்று ஆய்வு சொல்லியபின், அவ்வழக்கத்துக்கு அறியாமையைச் சாக்காகச் சொல்ல இயலாது.

தங்கராஜும் அயல்நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து 73 சமூகங்களைச் சேர்ந்த 571 பேரின் மரபுப் பொருளை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை, இந்நாட்டு மக்கட் குழுக்கள் தாராளமாகக் கலந்தன. அக்கலப்பின் தடம் இல்லாத சமூகம் அரிது. அதன் பின்னரே அகமணம் இறுகிக் கலப்பு நின்றது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சாதியின் சாரம் அகமணமே என்றும், கலந்து வாழ்ந்த மக்கள்மீது அது பின்னர் சுமத்தப்பட்டது என்றும் இளைஞர் அம்பேத்கர் எடுத்துரைத்தார். டி.என்.ஏ. என்ற சொல்லே மக்களிடம் வழங்காத காலத்தில் அவர் சொன்னதற்கு, சுமார் நூறாண்டு கழித்து ஆய்வுக்கூடம் சான்று தந்தது. ‘கலப்பில் பிறந்த இழிகுலம்’ என்று நம்மை ஏசியவர்களின் உடலிலும் அக்கலப்பே எழுதப்பட்டிருக்கிறது.

இளைஞர் எண்ண வேண்டியவை

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாம் சமம் என்பதற்கு நுண்ணோக்கியின் நற்சான்று வேண்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. மனிதர் ஆற்றலில் வேறுபட்டவரே என்று கொண்டாலும் சமத்துவத்தையே நெறியாகக் கொள்ள வேண்டும் என்று ‘சாதி ஒழிப்பு’ நூலில் 1936-இலேயே அம்பேத்கர் தெளிவுபடுத்தினார். இன மேம்பாட்டின் பெயரால் சாதியைக் காக்க முற்பட்டவர்களுக்கும் அந்நூலில் விடை உண்டு. காளையைத் தேர்ந்தெடுப்பது பாலுக்காக. மனிதரை அவ்வாறு தரம் பிரிப்பது மடமை. அறிவியல் நமக்குச் செய்யும் உதவி வேறு. இயற்கையின் பெயரால் நம்மேல் சொல்லப்பட்ட பொய்யை அது பொய் என்று காட்டுகிறது.

இறந்த மாட்டைச் சுமப்பதும் உரிப்பதுமே நம்மவர்க்குரிய தொழில் என்று ஊரார் விதித்திருந்தனர். அவ்விழிவை உதறுமாறு 1927-இல் மகாட் மாநாடு அறைகூவியது. மாட்டின் சாவோடு கட்டப்பட்டிருந்த சமூகத்தின் பிள்ளைகள் மாட்டின் பிறப்பை ஆராயும் அறிஞராக வேண்டும். 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. பார்கவாவின் ஐதராபாத்துக்கும் நம் ஊரைத் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதை வழியாகவே போகலாம். சினை ஊசி போடுபவராய் நின்றுவிடாமல், அக்குச்சிக்குள் இருப்பது யாது, அது எவ்வாறு இயங்குகிறது என்று கேட்பவராய் நம் மாணவர் உயர வேண்டும்.

1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்களை எல்லார்க்கும் திறந்தது. திருத்தணி மலையின் 365 படிகளும் அச்சட்டத்தின்படி நமக்கும் உரியன. ஆனால் ஆய்வுக்கூடத்தின் படிகளை எந்தச் சட்டமும் நமக்காக ஏறித் தராது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் கொடுத்துவந்த புத்தகமும் உதவித்தொகையும் விடுதி இடமும் அப்படிகளின் அடியில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியுள்ளன. பிறப்பைப் பற்றிப் பிறர் எழுதிவைத்ததை நம்பி நம் முன்னோர் துன்புற்றனர். பிறப்பைப் பற்றி ஆராய்ந்து எழுதுவோர் வரிசையில் இனி நம் பெயர்களும் சேரட்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நம் கழகம் மேற்கொள்ள வேண்டிய பணி இதுவே.